பதின்மூன்று தகரமா, இருபது தகரமா? ஊவாத் தோட்டங்களில் கூரைக் கணக்கை யார் போடுவது

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைக் கடந்தபோது 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண்சரிவில் புதையுண்ட வீடுகளைப் பற்றி நிறையப் பேசப்பட்டது; பேசப்படத்தான் வேண்டும். ஆனால் புதையுண்டு போகாத லயங்களில், பாதிக் கூரையோடு, கிழிந்த தகரத்தின் மேல் தறப்பாளைக் கட்டி, அதன் மேல் கல்லையும் பழைய டயரையும் வைத்துக்கொண்டு இருப்பவர்களின் பிரச்சினை செய்தியாகும் அளவுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இது புயலுக்கு முன்பும் இருந்த பிரச்சினைதான். புயல் அதை இன்னொரு முறை பிரித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கின்றது.

உதவி வரும்போது அது பெரும்பாலும் குடும்பத்துக்கு இத்தனை தகரம் என்ற கணக்கில் வருகின்றது. அரச அலுவலகமாக இருந்தாலும், தொண்டு நிறுவனமாக இருந்தாலும், வெளிநாட்டிலிருந்து ஊர்ச் சங்கம் திரட்டி அனுப்பும் பணமாக இருந்தாலும் இதே முறைதான். கொடுப்பவருக்கு இது வசதி. பெயர்ப்பட்டியல் இருக்கின்றது, எண்ணிக்கை இருக்கின்றது, பெருக்கினால் மொத்தம் வந்துவிடும். பெறுபவரின் கூரை எத்தனை அடி என்று யாரும் ஏணி வைத்துப் பார்ப்பதில்லை.

வடக்கு கிழக்கில் போருக்குப் பின் மீள்குடியேறியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. மெனிக் பாமிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்குக் கொஞ்சத் தகரமும் சில பை சீமெந்தும் கொடுத்து, இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்ட காலம் யாருக்கும் மறந்திருக்காது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. 2008இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தவர்கள் வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றி உழவியந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும் இடத்தில் அதுவே அடுத்த வீடு. கூரை அவர்களுடையது என்பதால் அப்படிச் செய்ய முடிந்தது. லயத்தில் இருப்பவருக்கு அந்தத் தகரம் கூடச் சொந்தமில்லை. நிலம் அரசுடையது, 1992இல் முகாமைத்துவம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது, கட்டடம் தோட்டத்துடையது. நான்கு தலைமுறையாக ஒழுகும் கூரைக்குக் கீழே இருப்பவர் அதில் ஒரு ஆணி அடிக்கவும் தோட்ட நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியிருக்கின்றது. பிரதேச சபையிடம் போகலாம் என்றால், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். சட்டம் திருந்தியதற்காக சபைகளின் கையில் காசு வந்துவிடவில்லை என்பது வேறு கதை.

இந்த நிலையில் கூரைக்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்ற கணக்கு வெறும் தச்சுவேலைக் கணக்காக இருக்க முடியாது. அந்தக் கணக்குத் தாள் யார் கையில் இருக்கின்றதோ, அவர் சொல்லுவதே உதவியின் அளவாகிவிடுகின்றது. ஆகவே அதைக் குடும்பமே போட்டுப் பார்ப்பது நல்லது. கடினமானதும் அல்ல.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒற்றை லயம். ஒரு காம்பராவின் முன்னகலம் 12 அடி. ஆழம்: இஸ்தோப்பு 5 அடி, காம்பரா 12 அடி, பின்பக்கக் குசினி 8 அடி, மொத்தம் 25 அடி. இந்த அளவுகள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். சில இடங்களில் காம்பரா இதைவிடச் சிறியது, பின் குசினியைக் குடும்பமே பின்னர் கட்டிச் சேர்த்திருக்கும். கணக்குப் போடும் விதம் மாறாது.

வழக்கமாகச் செய்யப்படுவது இது: 25ஐ 12ஆல் பெருக்கினால் 300 சதுர அடி. எட்டடி நீளம், மூன்றடி அகலம் கொண்ட ஒரு தகரம் 24 சதுர அடி. 300ஐ 24ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. ஆகவே பதின்மூன்று தகரம் போதும்.

போதாது. தகரம் தரையில் விரிக்கும் பாய் இல்லை. முதலாவது, கூரை சுவரோடு நிற்பதில்லை. மழைச்சாரல் சுவரில் படாதிருக்க முன்னும் பின்னும் ஒன்றரை அடியாவது தாழ்வாரம் நீள வேண்டும். அப்போது முகட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் கிடையாக 14 அடி. இரண்டாவது, கூரை சரிந்திருக்கின்றது. மூன்றடிக்கு ஓரடி ஏற்றம் என்று வைத்தால், கிடையாக 14 அடிக்குச் சரிவு நீளம் ஏறக்குறைய 14 அடி 9 அங்குலம். அந்த நீளத்துக்கு ஒரு எட்டடித் தகரம் எட்டாது, இரண்டு வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் ஒட்டுக்கு ஓரடிக்கும் சற்று அதிகமாக மிஞ்சும். அது வீண் என்று நினைக்க வேண்டாம், காற்று மழையில் அந்த ஒட்டுத்தான் காப்பாற்றும். மூன்றாவது, பக்கவாட்டு ஒட்டு. மூன்றடி அகலத் தகரம் என்று கடையில் சொன்னாலும், பக்கத்துத் தகரத்தின் மேல் நெளிவு ஏறி உட்கார்ந்த பிறகு அது மூடும் அகலம் இரண்டரை அடியளவுதான். கடையிலேயே இரண்டு தகரத்தை ஒன்றன் மேல் ஒன்று வைத்து நாடாவால் அளந்து பார்த்துவிட வேண்டும், வகைக்கு வகை இது மாறுகின்றது. 12 அடியை இரண்டரையால் வகுத்தால் 4.8, அதாவது ஐந்து வரிசை.

ஐந்து வரிசை, ஒரு சரிவுக்கு இரண்டு தகரம், இரண்டு சரிவு. இருபது தகரம்.

பதின்மூன்றுக்கும் இருபதுக்கும் இடையில் ஏழு தகரம். அந்த ஏழை யார் வாங்குவது? அடகுக் கடை, சீட்டுக் காசு, கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளை. இல்லாவிட்டால் குசினிப் பக்கம் பழைய ஓட்டைத் தகரமே மீண்டும் ஏறும். பாதி உதவி என்பது லயத்தில் எப்போதும் குசினியில்தான் ஒழுகும்.

இரட்டை லயமாக, முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்களாக இருந்தால், ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் ஒரு சரிவு மட்டும் இருக்கும். அங்கே முகட்டுத் தகரம் இரு குடும்பத்துக்கும் பொது. முன்வீட்டுக்காரர் பெயர் பட்டியலில் இருந்து, பின்வீட்டுக்காரர் பெயர் விடுபட்டுப் போனால் முகட்டை யார் மூடுவது என்பதே சண்டையாகும்.

தகரத்தை எண்ணியதோடு கணக்கு முடிவதில்லை. உண்மையில் கூரை பறப்பது தகரம் குறைந்ததால் அல்ல. பிடிக்கும் சாமான் குறைந்ததால். மேலே சொன்ன அதே காம்பராவுக்கு, மூன்றடிக்கு ஒன்றாகச் சிலாகை வைத்தால், ஒரு சரிவுக்கு ஆறு, இரு சரிவுக்கும் பன்னிரண்டு வரிசை. ஒவ்வொன்றும் 12 அடி. 144 அடி சிலாகை. ஒவ்வொரு தகர வரிசையும் ஒவ்வொரு சிலாகையைக் கடக்கும் இடத்தில் மூன்று ஸ்குரூ என்றால் 180. தாழ்வார ஓரத்திலும் முகட்டோரத்திலும் காற்று அதிகம் பிடித்து இழுக்கும், அங்கே நெருக்கமாகப் போட வேண்டும். இன்னும் நாற்பது சேர்த்தால் 220. நூறு கொண்ட பக்கெட் மூன்று வாங்க வேண்டும். இறப்பர் வொஷர் உள்ளதாக, நெளிவின் மேட்டில் இறக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்டதாகிவிடும். முகட்டுத் தகரம் ஒட்டோடு 13 அடி. உளுத்துப் போன கைமரம் எத்தனை என்பதைப் பழைய தகரத்தைக் கழற்றிய பிறகுதான் சொல்ல முடியும், ஆகவே அதற்கும் ஒரு தொகை ஒதுக்காத மதிப்பீடு பாதியில் நிற்கும். தச்சாசாரிக்கும் அவருடைய கையாளுக்கும் கூலி. பதுளையிலோ பசறையிலோ வாங்கிய தகரம் தோட்டத்து மேல் கணக்குக்குப் போய்ச் சேர லொறி வாடகை. வீதி உடைந்த இடங்களில் கடைசி அரை மைல் தலைச்சுமை.

ஊவாவின் காலநிலைக்கு இதில் தனி இடம் உண்டு. யூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அந்த மலைச்சரிவுகளில் இறங்கும். வரண்ட அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த வாசனை கொழுந்தில் ஏறுகின்றது. அதே காற்றுத்தான் லயத்துத் தகரத்தையும் கிளப்புகின்றது. பிறகு ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெருமழை. மழைக்கு மட்டும் போட்ட கூரை கச்சானில் போகும். காற்றுக்கென்று மேலே கல் வைத்த கூரை, தகரம் நெளிந்து ஒட்டு விரிந்து மழையில் ஒழுகும். போதாததற்குக் காற்றில் அந்தக் கல் உருண்டு கீழே நிற்கும் பிள்ளையின் தலையில் விழும். கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டியால் பிணைப்பதற்கு ஆகும் செலவு மொத்தத்தில் மிகச் சிறியது. அதைத்தான் எந்த நன்கொடைப் பட்டியலிலும் காண்பது அரிது.

இந்தச் செலவை நாட்டுக் காசில் எழுதினால் ஒரு மாதத்தில் பழையதாகிவிடும், விலை அப்படி ஏறி இறங்குகின்றது. தோட்டத்துக் கணக்கிலேயே, ‘பேர்’ கணக்கில் பார்ப்பது நல்லது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக உயர்த்தப்பட்டு, அரசின் வருகைக் கொடுப்பனவாக 200 ரூபா சேர்க்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 1,750 ரூபா. ஒரு எட்டடித் தகரம் மூன்று நாட் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், இருபது தகரத்துக்கு அறுபது முழுப் பேர். அதாவது சாப்பிடாமல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், அரைப் பேர் விழாமல் மூன்று மாதக் கொழுந்து. சிலாகையும் ஸ்குரூவும் கூலியும் அதற்கு மேல். தானாகத் திருத்திக்கொள்ள வேண்டியதுதானே என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

குடும்பத்துக்கு இத்தனை என்ற முறையின் இன்னொரு கோளாறு, லயம் ஒரே கட்டடம் என்பதை அது மறந்துவிடுவது. பத்துக் காம்பரா லயத்தில் நாலு குடும்பம் ‘பாதிக்கப்பட்டோர்’ பட்டியலில் வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். புதிய தகரத்தின் நெளிவும் பழைய தகரத்தின் நெளிவும் பொருந்துவதில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இடைவெளி விழும், தண்ணீர் அங்கே இறங்கும். முன்பு ஒழுகாத ஐந்தாவது வீடு இப்போது ஒழுகத் தொடங்கும். உதவி கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையில் மனக்கசப்பு. முழு லயத்தையும் ஒன்றாக அளந்தால், பத்துக் காம்பராவுக்கு 120 அடி, 48 வரிசை; இரு முனைகளிலும் வெளியே நீளும் பகுதியை விட்டுவிட்டால் 192 தகரம். தனித்தனியாகக் கொடுத்தால் 200. எட்டுத் தகரம் மிச்சம், ஒட்டுச் சண்டையும் இல்லை. இவ்வளவுக்கும் தேவை ஒரு நாடாவும் ஒரு ஏணியும்தான்.

முழு லயத்தையும் ஒன்றாகத் திறக்கும்போது இன்னொரு வேலையையும் செய்யலாம். பல லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலான சுவர் கூரை வரை எழும்புவதில்லை. மேலே திறந்திருக்கும். ஒரு வீட்டில் மின்ஒழுக்கு ஏற்பட்டுப் பற்றினால் நெருப்பு கூரைக்குக் கீழாகவே ஓடி வரிசையாக எல்லாவற்றையும் எடுத்துவிடுகின்றது. ஒரு லயம் முழுதாக எரிந்தது என்று நாம் அடிக்கடி வாசிக்கும் செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கின்றது. பக்கத்து வீட்டுப் பேச்சு முழுவதும் இந்த வீட்டில் கேட்பதும் இதனால்தான். புதிதாய்க் கல்யாணமான பிள்ளைகள் அதைப் பற்றி யாரிடமும் முறையிட முடியாது. தகரத்தைக் கழற்றியிருக்கும் அந்த இரண்டு நாளில் இடைச்சுவரைத் தகரம் தொடும் வரை நாலைந்து வரிசை கல்லால் உயர்த்திவிடலாம். எந்த மதிப்பீட்டிலும் இந்த வரி இருப்பதில்லை.

அடுத்து, எந்தப் பொருள் என்ற கேள்வி. ஓடு சூட்டுக்கும் குளிருக்கும் நல்லது, ஆனால் தகரத்தைவிடப் பல மடங்கு பாரம். நூறு வருடப் பழைய சுவரும் உளுத்த கைமரமும் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் ஏற்றக் கூடாது. மிச்சம் இருப்பது தகரமும் அஸ்பெஸ்டஸும். தகரத்துக் கூரை பகலில் கொதிக்கும், இரவில் விறைக்கும், விடியற்காலையில் உள்ளே பனித்தண்ணீர் சொட்டும். அஸ்பெஸ்டஸ் அப்படியில்லை, சத்தமும் குறைவு, நீண்டகாலம் உழைக்கும். ஆகவே கூரை மாற்றும் திட்டங்கள் வந்தபோது தோட்டங்களில் அஸ்பெஸ்டஸ் ஏறியது, மக்களும் அதை முன்னேற்றம் என்றே பார்த்தார்கள்.

ஆனால் எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லியிருப்பது. நுண்ணிய நார் மூச்சோடு உள்ளே போய்த் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்து நோயாக வெளிவரும். இலங்கையும் இதை ஏற்றுக்கொண்டு 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக அறிவித்திருந்தது. 2017 டிசெம்பரில் ரஷ்யாவுக்குப் போன இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் ஒரு வண்டு இருந்ததாகக் கூறி, ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாகத் தடை செய்தது. உலகில் மிக அதிகமாக அஸ்பெஸ்டஸ் தோண்டி எடுக்கும் நாடு ரஷ்யா. சில நாட்களில் இலங்கை அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டை நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ரஷ்யா தேயிலைத் தடையை நீக்கியது. வண்டு எங்கே போயிற்று என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

பதுளையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் நாட்கூலியையும் அவள் தலைக்கு மேலுள்ள கூரையையும் இப்படி ஒரே மேசையில் வைத்துப் பேரம் பேசியிருக்கின்றார்கள். தேயிலை விற்க வேண்டும், அதற்காக அஸ்பெஸ்டஸ் வாங்க வேண்டும். அந்தத் தேயிலையைப் பறித்தவரிடம் யாரும் கேட்கவில்லை. கட்டுப்பாடு நின்றதால் நன்மை அடைந்தவர்களில் லயத்துக்காரர் எந்த இடத்தில் வருகின்றார் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இப்போதைக்கு நடைமுறையில் முக்கியமானது புயலில் உடைந்த அஸ்பெஸ்டஸ் துண்டுகள். உடையாமல் கூரையில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைத்து மிதிக்கும்போதும்தான் தூள் பறக்கின்றது. சேற்றுப் பாதையில் நிரவுவதற்கு உடைந்த துண்டைப் போடுவது, அடுப்படிக்குத் திண்ணை கட்டுவது, பிள்ளைகள் அதை எறிந்து விளையாடுவது எல்லாம் தோட்டத்தில் சாதாரணம். வன்னியில் செல் விழுந்து நொறுங்கிய வீடுகளைத் துப்புரவாக்கியவர்களும் இதையே செய்தார்கள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தண்ணீர் ஊற்றி நனைத்து, முழுத் துண்டாக எடுத்து, பையில் கட்டி, ஆள் நடமாடாத இடத்தில் ஆழப் புதைக்க வேண்டும். உலர்ந்த நிலையில் விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. புதிதாகக் கூரை போடுபவர்கள் முடிந்தவரை அஸ்பெஸ்டஸைத் தவிர்த்து, பூச்சுள்ள தகரத்தின் கீழ் ஒரு தட்டி அல்லது பலகை அடிப்பது மேல்.

வடக்கு கிழக்கின் இந்திய வீடமைப்புத் திட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கு, 4,000 மலையகத்துக்கு என்று பிரிக்கப்பட்டது. வடக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணையாகக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்தத் தொகை போதவில்லை, ஓட்டு விலையும் மரவிலையும் ஏறிப் பலர் கடனாளியானார்கள், கூரையில்லாமல் நின்ற வீடுகளும் இருந்தன. என்றாலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெண்கள் தனியாக நின்று கல் எண்ணி, கம்பி எண்ணி, பாஸோடு சண்டை பிடித்து வீடு கட்டினார்கள். எத்தனை ஓடு வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களில் 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போன குடும்பங்களும் உண்டு. பதுளை நகரம் 1983 யூலையில் எரிந்ததைக் கண்டவர்களும் அவர்களில் இருப்பார்கள். அதே குடும்பத்தின் ஒரு கிளை இன்றும் தோட்டத்தில் இருந்தால், அந்தக் கிளை வீட்டு மதிப்பீட்டுத் தாளைக் கண்ணால் பார்த்திருக்காது. டித்வாவுக்குப் பிறகு மலையக மக்கள் வடக்கில் வந்து குடியேறலாம் என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. நல்லெண்ணத்தோடு சொன்னவர்களும் உண்டு. ஆனால் ஒரு சமூகத்தின் கூரைப் பிரச்சினைக்கு அந்தச் சமூகத்தையே இடம் மாற்றுவதுதான் முதல் யோசனையாக வருவது, இடம்பெயர்ந்து பழகிய நமக்கே உறுத்த வேண்டும்.

அரசின் பக்கத்தில், 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமை ஆவணம் வழங்கப்பட்டது. அது காணி உறுதியா, வீடு கட்டித் தருவோம் என்ற உறுதிமொழியா என்ற விவாதம் அடங்குவதற்கு முன்பே புயல் வந்தது. புயலுக்குப் பின் துப்புரவுக்கு 25,000 ரூபா, முழுதாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை என்று அறிவிப்புகள் வந்தன. தொகைகள் முன்பு இல்லாத அளவு பெரியவை, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் லயத்துக் காம்பரா ஒரு ‘வீடு’ என்று எண்ணப்படுகின்றதா, அதன் உரிமையாளர் யார், கூரை மட்டும் போனால் அது எந்த வகைச் சேதம் என்பவை படிவத்தை நிரப்பும் கிராம உத்தியோகத்தரின் மேசையில்தான் தீர்மானமாகின்றன. சேதத்தை மதிப்பிட வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனால் பதின்மூன்று. ஏறிப் பார்த்தால் இருபது.

அந்த மதிப்பீட்டின் பிரதியைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தோட்டத்துத் தலைவர்மார் இதைத் தனியாள் விண்ணப்பமாக விடாமல், லயத்துக்கு ஒன்றாக, நம்முடைய சொந்த அளவுத் தாளையும் இணைத்துக் கொடுத்தால் பேச்சின் தொனியே மாறும். வெளிநாட்டிலிருந்து உதவும் ஊர்ச் சங்கங்களும் பணம் அனுப்புவதற்கு முன் அந்த அளவுத் தாளைக் கேட்கலாம். நாற்பது குடும்பத்துக்குப் பாதிப் பாதியாகக் கொடுத்துப் படம் எடுப்பதைவிட, இரண்டு லயத்தை முகட்டிலிருந்து பீலி வரை முடித்துக் கொடுப்பது மேல் என்பது என்னுடைய அபிப்பிராயம். விடுபட்டவர்களின் கோபத்தைத் தாங்க வேண்டிவரும், அதுவும் தெரிந்ததுதான்.

ஒரு வகை லயங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு அபாயம் என்று அடையாளமிட்ட இடங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவைக்கப்பட்டு, மக்கல்தெனியவில் வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடம் சென்றது. அப்படியான இடத்தில் புதுக்கூரை போடுவது மக்களை அங்கேயே கட்டி வைப்பதாகிவிடும். ஆனால் இன்று பல தோட்டங்களில் நடப்பது இரண்டுக்கும் நடுவில்: அபாய வலயம் என்பதால் திருத்தம் இல்லை, காணி இன்னும் ஒதுக்கப்படாததால் மாற்று வீடும் இல்லை. அங்கே தற்காலிகக் கூரையாவது, கழற்றிக் கொண்டுபோகக் கூடியதாக, குடும்பத்தின் பெயரிலேயே எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். தகரம் தங்களுடையது என்றால் வன்னிக்காரர் செய்தது போல அவர்களும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

மற்ற லயங்களுக்கும் மலைப்பக்கத்துத் தண்ணீர் ஒரு பிரச்சினைதான், கடைசியாக எண்ண வேண்டிய சாமான் அதனால் பீலி. மேலே சொன்ன காம்பராவின் கூரை, தாழ்வாரத்தோடு சேர்த்து, 28 அடிக்கு 12 அடி பரப்பில் மழையைப் பிடிக்கின்றது. ஒரு அங்குல மழைக்கு ஏறக்குறைய 790 லீற்றர். டித்வா நாட்களில் மலைநாட்டின் பல இடங்களில் ஒரே நாளில் 200 மில்லிமீற்றருக்கு மேல், அதாவது எட்டு அங்குலம் பெய்தது. ஒரு காம்பராவுக்கு 6,300 லீற்றர். பத்துக் காம்பரா லயத்துக்கு 63,000 லீற்றர், அதில் பாதி லயத்தின் பின்பக்கம், மலையை வெட்டி எடுத்த மண்சுவரின் அடியில் விழுகின்றது. 120 அடி பீலி, அதைத் தாங்கும் கொக்கிகள், இறக்கும் குழாய், அந்தத் தண்ணீரை லயத்துக்கு அப்பால் கொண்டுபோய் விடும் சீமெந்துக் கான். ஒரு லயத்துக்கு 192 தகரம் கேட்டு எழுதும் தாளில் இந்த நாலு வரியையும் சேர்த்தே எழுதுங்கள், அடுத்த மழை ஒக்டோபரில்.